இருபத்தாறு நாள் பச்சை

சரித்தோபே செம்பு ஆலையில் இருபத்தாறு நாளாக எல்லாமே பச்சை. வெளியே புல்வெளி மட்டும் ஆகஸ்ட் வெயிலில் காய்ந்து, முடி உதிர்ந்த ஒட்டகத்தின் முதுகு மாதிரி கிடந்தது.

பச்சை இருந்தது இயக்குநர் அறைக்கு வெளியே மாட்டியிருந்த பெரிய திரையில். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஆலைக்குள் எங்கோ எண்ணெயோ கிரீஸோ கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பேரிங், ஒரு சங்கிலி, ஒரு பல்சக்கரம். நேரத்துக்குப் போட்டால் பச்சை, தவறினால் சிவப்பு. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள அல்மாட்டித் தலைமையகத்திலிருந்து ஒரு மென்பொருள் வந்திருந்தது. பெயர் செர்கெக். விழிப்பானவன் என்று பொருள்.

"கண்ணே கெடையாது, பேரு மட்டும் விழிப்பு" என்பான் எண்ணெய் போடும் கென்னா பாக்.

முப்பது நாள் தொடர்ந்து பச்சை என்றால் அல்மாட்டிக்காரர்கள் வந்து கை குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இயக்குநர் சாகிந்திக் பெகெனோவிச் அதற்காக ஒரு கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டார். அறுப்பதற்கு இரண்டு செம்மறியும் பார்த்து வைத்துவிட்டார். இன்னும் நான்கே நாள்.

குராலாய்க்கு இந்த ஆலையில் ஆறு வருடம். எல்லோர் வாயிலும் அவள் எண்ணெய்க்காரி. செர்கெக்கில் மட்டும் 'புள்ளி உரிமையாளர்'. கென்னாவும் அவளும் தோளில் கிரீஸ் கன்னைத் தொங்கவிட்டுக்கொண்டு மொத்தப் புள்ளிகளையும் நடந்தே முடித்த காலம் ஒன்று இருந்தது. போன மாதத்தோடு அதில் ஒரு புள்ளி குறைந்தது. அது முதல் மில்லின் பெரிய பல்சக்கரம். தாதுவை மாவாக்கும் உருளையைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி இருக்கும் அதற்கு, இப்போது ஒரு பம்ப் தானாகவே கிரீஸைப் பீச்சியது. கால் மணிக்கு ஒரு தரம், மூன்று உந்து. பம்ப் உந்தியதா என்று ஒரு சென்சார் எண்ணும். மூன்று எண்ணினால் செர்கெக் பச்சை அடித்துவிடும். கிரீஸ் போய்ச் சேர்ந்ததா என்று எண்ண யாரும் இல்லை.

அதனால் அந்தச் சக்கரத்தைப் போய்ப் பார்ப்பது என்ற வேலை அவள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. பட்டியலில் இல்லாத வேலைக்கு எண் கிடையாது. எண் இல்லாத வேலை செய்தால் 'பன்னிரண்டு நிமிடம் என்ன செய்தீர்கள்?' என்று டேப்லெட் கேட்கும். கழிப்பறைக்குப் போனாலும் அப்படித்தான் கேட்கும். கென்னா அதற்கு முழு விவரமும் எழுதுவான்.

ஆகவே குராலாய் தேநீர் வேளையில் போனாள். கையில் கோப்பையோடு. தேநீர் குடிப்பதற்கு எண் இருந்தது.

இருபத்தாறாம் நாள் காலை, பார்வைக் கதவைத் திறந்து டார்ச் அடித்தவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். சுற்றிக்கொண்டிருந்த பல்வரிசை முழுக்கக் கருப்புக் கிரீஸ் பூசியிருக்க வேண்டும். இடது பக்கம் பூசியிருந்தது. வலது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இரும்பு பளபளவென்று மின்னியது. கல்யாண வீட்டுக் கரண்டி தோற்றது. வெப்பம் பார்க்கும் துப்பாக்கியை எடுத்து இடது பக்கம் காட்டினாள். ஐம்பத்தொன்பது. வலது பக்கம் எண்பத்து நான்கு.

டேப்லெட்டில் கோரிக்கை எழுதினாள்: முதல் மில்லை நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டே விநாடியில் பதில் வந்தது. 'இந்தப் புள்ளியில் குறை எதுவும் இல்லை. உங்கள் அக்கறைக்கு நன்றி.'

கென்னா எட்டிப் பார்த்தான். "நன்றி சொல்லிடுச்சே. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"பல்லு காயுது அண்ணே. எண்பத்து நாலு."

"சென்சார் வயர ஒரு இழுப்பு இழுத்தா தானா சிவப்பாயிடும். யாரு கேக்கப் போறா?"

"இழுத்தது யாருன்னு கேப்பாங்க."

"எலி."

"இங்க எலி ஏது? கேன்டீன் பூனை அஞ்சு இருக்கு."

கென்னா யோசித்தான். "அப்ப பூனை."

அவள் வயரை இழுக்கவில்லை. நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். சாகிந்திக் பெகெனோவிச்சை ஆலையில் எல்லோரும் மரியாதையாகச் சாக்கே என்று கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். யார் பேச்சையும் கேட்பார், திரையின் பேச்சைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்.

"சாக்கே, முதல் மில்ல நாலு மணி நேரம் நிறுத்தணும்."

அவர் கதவு வழியே திரையைப் பார்த்தார். "எங்கம்மா சிவப்பு?"

"சிவப்பு இல்ல."

"மஞ்சளாச்சும்?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் எதுக்கு? குத்துக்கல்லாட்டம் இருக்கிறவன புடிச்சு ஆபரேஷன் பண்ணச் சொல்றியே தங்கச்சி. இன்னும் நாலே நாள். வெள்ளிக்கிழமை ரெண்டாம் மில்லுக்கும் இதே பம்ப மாட்டி விசேஷம் வேற. அதெல்லாம் முடியட்டும், ஒரு வாரம் நிறுத்திக்க. படுக்க வெச்சுத் தாலாட்டு பாடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"நாலு நாள் அந்தப் பல்லு தாங்காது. போச்சுன்னா புதுச் சக்கரம் வர எத்தன மாசம்னு நீங்களே கடிதம் எழுதிக் கேட்டீங்க."

பதினான்கு மாதம் என்று வந்த பதில் சாக்கேயின் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. வெள்ளை ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

மில்லுக்குப் பக்கத்தில் நின்றால் கத்தித்தான் பேச வேண்டும். குராலாய் கத்தவில்லை. பல்லைக் காட்டினாள், துப்பாக்கியைக் காட்டினாள். எண்பத்தைந்து.

"துப்பாக்கி பழுது!" என்று சாக்கே கத்தினார்.

அவள் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு துப்பாக்கியைத் திருப்பி அவர் நெற்றிக்கு நேரே நீட்டினாள். முப்பத்தைந்து. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் கம்மியாத்தான் காட்டுது!" என்று பின்னாலிருந்து கென்னா கத்தினான். "கூட்டிக் காட்டல!"

சாக்கே பளபளத்த பல்லை இன்னொரு சுற்று பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் மெக்கானிக்தான். முகத்தில் அது மெல்ல நினைவுக்கு வருவது தெரிந்தது.

"நிறுத்து" என்றார். "ஆடு ரெண்டும் பொழைச்சுப் போகட்டும்."

மில் நின்றதும் ஊரே நின்ற மாதிரி அமைதி. கூரையில் புறா நடப்பது கேட்டது. குராலாய் முதலில் பல்சக்கரத்தின் மேல் ஏறினாள். துணியால் வலது ஓரத்தைத் துடைத்து, ஒரு பல்லின் முகத்தில் மேலிருந்து கீழாக நகத்தை ஓட்டினாள். அடுத்த பல். அடுத்தது. கீழே சாக்கே ஒவ்வொரு பல்லாக எண்ணினார். இருபது பல் பார்த்தாள். நகம் எங்கும் தடுக்கவில்லை.

"கீறல் இல்ல. மெருகு மட்டும்தான் ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கீறியிருக்கும்."

சாக்கே ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

பீச்சும் நாசில்கள் எட்டு. வலது ஓரத்து மூன்றும் அடைத்திருந்தன. கென்னா ஒன்றைக் கழற்றிக் கம்பியால் குடைந்தான். பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ வந்தது. முகர்ந்தான். இன்னொரு தரம் முகர்ந்தான்.

"குராலாய், இது கிரீஸ் வாசனை இல்ல. எனக்குப் பசிக்குது."

பம்பைக் கிரீஸ் பீப்பாயிலிருந்து தூக்கி வடிகட்டியைத் திறந்தார்கள். கருப்புக் கிரீஸுக்குள் கசங்கிய தாள்கள். கென்னா இடுக்கியால் ஒன்றை எடுத்துத் துணியில் துடைத்தான். தங்க நிறத் தாள். அதில் ஓர் ஒட்டகக் குட்டி சிரித்தது. பாகு மிட்டாய். ஒவ்வொன்றாக எடுத்து அட்டையில் வரிசையாக வைத்தான். பதினொன்று. இரண்டு உரிக்கப்படாமலே இருந்தன.

மூவரும் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிட்டாய் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இருபத்தாறு நாளுக்கு முன் இந்தப் பம்பை முதன்முதலாக ஓட்டிய விசேஷத்தில் மூவரும்தான் இருந்தார்கள். தொட்டில் போட்டாலும் கார் வாங்கினாலும் மிட்டாய் இறைக்கும் ஊரில், இத்தனை பெரிய பம்புக்கு இறைக்காமல் விடுவார்களா? இறைத்தது பீபிநூர் அக்கா. ஆலைக் கேன்டீனின் தலைவி, ஆறு பிள்ளை பெற்று அரசாங்கத்தின் வெள்ளிப் பதக்கம் வாங்கியவள், போதாதற்குச் சாக்கேயின் கூடப் பிறந்த அக்கா. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வீசினாள். பொறியாளர்கள், கணக்கர்கள், பாதுகாப்பு அதிகாரி வரை எல்லோரும் தரையில் குனிந்து மிட்டாய் பொறுக்கினார்கள். நல்ல நாள் மிட்டாய் ஆயிற்றே. அதனால் மேலே போன மிட்டாய் எங்கே இறங்கியது என்று பார்க்க நிமிர்ந்த தலை ஒன்றுகூட இல்லை.

சாக்கேதான் முதலில் வாயைத் திறந்தார். "சுத்தம் பண்ணிட்டு ஓட்டுங்க. காரணம் தூசின்னு போட்டுரு."

காரணம் போடாமல் ஓட்ட முடியாது. செர்கெக்கில் நிறுத்தத்தின் காரணம் பதிவாகும்வரை மில்லின் தொடக்கப் பொத்தானுக்கு உயிர் வராது. அப்படி வைக்கச் சொன்னவரே சாக்கேதான்.

குராலாய் பட்டியலைத் திறந்தாள். தூசி. தண்ணீர். இரும்புத்தூள். தவறான கிரீஸ். மனிதத் தவறு. மற்றவை.

"தூசின்னு போட்டா, எல்லாப் புள்ளிக்கும் தூசி சீல் மாத்தச் சொல்லி அதுவே வேலை போட்டுரும் சாக்கே. இருநூத்திப் பன்னெண்டுக்கும்."

"பனி கொட்டுற வரைக்கும் நாங்க சீல் மாத்திட்டுத் திரிவோம்" என்றான் கென்னா. "வெள்ளிக்கிழமை ரெண்டாம் மில்லுல அக்கா திரும்ப ரெண்டு கிலோ எறிவாங்க. அதுவும் தூசிதான்னு எழுதிக்கலாம்."

"அப்ப மிட்டாய்னு எழுதச் சொல்றியா? கம்பெனியோட பத்தொம்பது ஆலைக்கும் போகும்டா இது! எறிஞ்சது யாருன்னு கேப்பான். எங்க அக்கான்னு சொல்லவா? அவ கரண்டிலதான் அறுநூறு பேர் திங்கிறோம். நாளைலேர்ந்து சூப்புல என்ன வரும்னு நெனைச்சுப் பாரு."

கென்னா நினைத்துப் பார்த்தான். "தண்ணி வரும்."

"அதுதான் இப்பவும் வருது. அதுவும் வராது."

குராலாயின் விரல் பட்டியலின் மேலே நின்றது. வேறொருவர் செய்த கோமாளித்தனத்துக்குத் தன் பெயரில் பொய் எழுதச் சொல்கிறார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

சக்கரங்கள் கிறீச்சிட ஒரு தள்ளுவண்டி உள்ளே வந்தது. வண்டியில் சூப்பு அண்டா, ரொட்டிக் கூடை, பின்னால் பீபிநூர் அக்கா.

"மணி பன்னெண்டரை! ஒருத்தனும் சாப்பிட வரல. மில்லு நின்னா வயிறும் நின்னுருமா?" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அட்டையைப் பார்த்து நின்றாள். குனிந்தாள். ஒரு தாளை விரலால் புரட்டினாள். "இது என் மிட்டாய்தானே."

கென்னா கூரைப் புறாவை ஆராய்ந்தான்.

"எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"தூசி அக்கா" என்றார் சாக்கே.

"எதுடா தூசி?"

"அதாவது... பம்பு அடைச்சுக்கிச்சு. தூசின்னு எழுதிக்கிறோம். நீ போ, நாங்க வந்து சாப்பிடுறோம்."

பீபிநூர் அக்கா நிமிர்ந்தாள். ஆலைக்குச் சாக்கே இயக்குநர். அக்காவுக்கு மூக்கொழுகத் திரிந்த தம்பி.

"என் மிட்டாய தூசின்னு எழுதுவியாடா? இந்தக் கையால எத்தன வீட்டுக்கு எறிஞ்சிருக்கேன்! நான் எறிஞ்ச ஒரு கல்யாணம் ஒடஞ்சிருக்கா? உன்னோடதத் தவிர?"

சாக்கேயின் காது சிவந்தது. அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு முதல் சிவப்பு அதுதான்.

"உன்ன காப்பாத்தத்தான் அக்கா..."

"என்ன எதுக்குக் காப்பாத்தணும்? நான் எறியத்தான் வந்தேன், எறிஞ்சேன். கிரீஸ் அண்டா வாயத் தெறந்து வெச்சது யாரு? என் கிச்சன்ல கொதிக்கிற சூப்ப எவளாச்சும் தெறந்து போட்டுட்டுப் போனா வெரல ஒடிச்சிருவேன். இங்க யாருடி அதப் பாத்துக்கறது?"

குராலாய் பம்பைத் திரும்பிப் பார்த்தாள். பீப்பாய் மூடி. விசேஷத்தன்று நான்கு போல்ட்டையும் கழற்றித் தரையில் வைத்தது அவள்தான். விருந்தினர்களுக்குப் புதுக் கிரீஸைக் காட்டு என்று சாக்கே சொல்லியிருந்தார். அவர்கள் பார்த்து முடித்ததும் மூடியிருக்க வேண்டும். மூடப் போன நேரத்தில் மிட்டாய் பறந்தது. அவளும் குனிந்துவிட்டாள். நான்கு மிட்டாய் கிடைத்தது. அன்றைக்கே தின்றும் விட்டாள்.

தூசியும் பொய், மிட்டாய் என்று மட்டும் எழுதினாலும் முக்கால் பொய்தான்.

"நாந்தான் அக்கா. மூடிய தெறந்தேன், மூடல."

"ம்" என்றாள் பீபிநூர் அக்கா. திட்டு வரும் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்த ஒற்றை 'ம்' இன்னும் பயமாக இருந்தது.

"ஏய், உன் பேருலயா போட்டுக்கப் போற?" என்றான் கென்னா தாழ்ந்த குரலில். "தேதியோட ஏறிடும். அழிக்க முடியாது. மூணு வருஷம் உன் பேருக்குப் பக்கத்துல நிக்கும்."

"எழுதாம விட்டா வெள்ளிக்கிழம யாரு மூடிய மூடுவா?"

அவள் மனிதத் தவறு என்பதைத் தொட்டாள். ஒரு கட்டம் திறந்தது. விரல் வழுக்கியது, துடைத்துக்கொண்டு எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள். "கிரீஸ் பீப்பாய் திறந்திருந்தது. திறந்து மூடாமல் விட்டது குராலாய். உள்ளே மிட்டாய் விழுந்தது."

"விழுந்துதா? தானா நடந்து போய் விழுந்துச்சா?" பீபிநூர் அக்கா டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். "பீபிநூர் எறிஞ்சான்னு போடு. அப்பா பேரையும் சேத்துப் போடு. பதக்கத்தையும் போடு."

"பதக்கத்துக்கு எடம் இல்ல அக்கா."

"ஆறு புள்ளைக்கு எடம் இருந்துச்சு, ஒரு பதக்கத்துக்கு இல்லையா?"

குராலாய் அப்பா பெயரோடு நிறுத்திக்கொண்டாள். நிமிர்ந்தபோது அக்காவும் கென்னாவும் சாக்கேயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அண்டாவைப் பார்த்தார், மில்லைப் பார்த்தார். பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லை.

"தெறக்கச் சொன்னது இயக்குநர்னு போடு" என்றார் கடைசியில். "பேரு வேணாம்."

"இந்த ஆலைக்கு எத்தன இயக்குநர்டா?" என்றாள் அக்கா.

"ஒண்ணு."

"சரி, அப்ப பேரு வேணாம்."

அடுத்து இன்னொரு கட்டம்: மறுபடி நடக்காமல் தடுக்க என்ன செய்வீர்கள்? இதற்குக் குராலாய் யோசிக்கவில்லை. பீப்பாயை மூடி நான்கு போல்ட்டையும் இறுக்கிய பிறகே மிட்டாய் இறைக்கலாம் என்று எழுதினாள்.

பீபிநூர் அக்கா குரலைத் தணித்துக் கேட்டாள். "வெள்ளிக்கிழமை நாந்தானே எறியறது?" அவள் அப்படித் தணிந்து பேசி யாரும் கேட்டதில்லை.

சாக்கே வாயைத் திறப்பதற்குள் குராலாய் சொல்லிவிட்டாள். "நீங்கதான் அக்கா. போல்ட்ட முடுக்கிட்டு நானே வந்து கூப்பிடுறேன். அதுக்கு முன்னாடி பையில கை விடக் கூடாது."

"சொல்லிட்டல்ல, விட மாட்டேன்."

கடைசிக் கட்டம் கையொப்பம், கண்ணாடி மேல் விரலால். குராலாய் போட்டாள். அக்காவின் விரலில் சூப்பு எண்ணெய் இருந்ததால் இரண்டு தரம் டேப்லெட் ஏற்கவில்லை. ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரம் போட்டாள். சாக்கே புழு நெளிந்த மாதிரி ஒன்று போட்டார்.

செர்கெக் இந்தத் தடவை இரண்டு விநாடியில் பதில் சொல்லவில்லை. ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. 'மிட்டாய் என்ற பொருள் பட்டியலில் இல்லை. தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டது' என்று வந்தது. சுவரில் தொடக்கப் பொத்தான் எரிந்தது.

புதுப் பீப்பாய் போட்டு, நாசில்களைக் கழுவி மாட்டி, மில்லை ஓட்டும்போது மணி இரண்டரை. குராலாய் பார்வைக் கதவருகே மண்டியிட்டு உட்கார்ந்தாள். முதல் பீச்சு, இரண்டாவது பீச்சு. நாலாவதில் பளபளத்த ஓரம் முழுக்கக் கருப்பாகிவிட்டது. முழங்கால் வலித்தது. அவள் எழவில்லை, இன்னும் இரண்டு பீச்சு பார்த்தாள்.

மேலே திரையில் இருநூற்றுப் பதினொன்று பச்சை, ஒன்று சிவப்பு. நாள் கணக்கு சைபர். சாக்கே அதைப் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் சாயங்காலம்வரை அந்த வராந்தாவில் ஒரே கூட்டம். சிவப்புப் புள்ளியைத் தொட்டால் காரணம் விரியும், பெயர்களோடு. கேன்டீன் பெண்கள் ஏப்ரனோடு வரிசையில் வந்து தொட்டுப் பார்த்தார்கள். பீபிநூர் அக்கா பக்கத்தில் நின்று, முழுப் பெயரையும் ஒவ்வொருத்திக்கும் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள்.

"மேல இருக்கிற பேரு யாரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது எண்ணெய்க்காரி குராலாய். மூடிய மூடாதவ" என்றாள் அக்கா. பிறகு, கேட்காமலே சேர்த்துக்கொண்டாள். "போய்ப் பாத்தவளும் அவதான்."